படத்தில் இல்லாத நாற்பது நிமிடம்

1

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் டிவி பார்ப்பதற்காக என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சீரியல் பார்க்க இல்லை. சென்ற ஆண்டு சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு திடலில், ஊரிலிருந்து பாடகர்களை வரவழைத்து இரண்டு நாள் இசை விழா நடத்தினார்கள். அதைப் பல கேமராக்களில் பிடித்து, வெட்டி ஒட்டி, இரண்டேகால் மணி நேரப் படமாக்கி, ஓராண்டு நிறைவன்று இணையத்தில் விட்டார்கள். நாங்கள் அந்த விழாவுக்கு நேரில் போயிருந்தோம், மழையில் நனைந்தும் வந்தோம். அதையே வீட்டு சோபாவில் உட்கார்ந்து மறுபடி பார்ப்பதற்கு எதற்குப் பட்டு என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

அந்தப் படத்தில் தான் வருவோம் என்று கோமதி ஓராண்டாக நம்பிக்கொண்டிருந்தாள். வரமாட்டாள் என்பது எனக்குப் பதினோரு மாதமாகத் தெரியும்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருச்சி, உறையூர்க்காரன். இங்கே வந்து இருபத்துநான்கு வருடம் ஆகிறது. லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை. எங்காவது ஒரு அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றுவிட்டால் என் ஃபோன் அடிக்கும். கோமதி, தேக்கா சந்தைக் கட்டடத்தின் மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை பிடிப்பது, பிரிப்பது, கொக்கி வைப்பது என்று பத்து வருடமாக இருக்கிறாள். மகள் தாரணிக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வீடு கிளமெண்டியில், பதினோராவது மாடி.

அன்று டிவிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஜக்கில் சாய்த்து ஒரு டேப்லெட் நின்றது. அதில் திருச்சியிலிருந்து கோமதியின் தங்கை வசந்தா. அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஒரு காலத்தில் தபலா வாசித்தவர், இன்னொருவர் கீபோர்டு. அங்கே அப்போது மணி பன்னிரண்டுதான், யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. "படம் முடிஞ்சுதான் சாப்பாடுக்கா" என்று வசந்தா அறிவித்தாள்.

தாரணி ரிமோட்டை எடுத்தாள். "ரெடியா மா? பாப்கார்ன் போடவா?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி. சவுண்ட கூட்டு" என்றாள் கோமதி.

2

கோமதிக்குப் பாட வரும் என்பதை இங்கே வந்த பிறகு நாங்கள் பேசியதே இல்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினாள். டேப்லெட்டில் தெரிந்த இரண்டு பெரியவர்களும் அதில் வாசித்தவர்கள். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் கூட்டம் சேர்க்க ஒரு மணி நேரம் என்று திருச்சியைச் சுற்றி அந்தக் குழு ஏறாத மேடை இல்லை. பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வது நம் வழக்கம். பாட்டே வராத பெண்கள்கூட அதற்காக இரண்டு பாட்டுக் கற்றுவைத்திருப்பார்கள். கோமதியைப் பார்க்கப் போனபோது எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் பாடச் சொல்லவில்லை. மேடையில் பாடும் பெண் என்பது ஊருக்கே தெரியும், அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று என் அப்பா நினைத்தார். பஜ்ஜி சாப்பிட்டோம், காவிரியில் தண்ணீர் வந்ததா என்று பேசினோம், கிளம்பினோம். அவள் பாட்டைக் கேட்காமலேயே சம்மதம் சொன்ன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன் என்று பிறகு வசந்தா கேலி செய்வாள்.

கல்யாணத்தோடு மேடை நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. தொடரச் சொல்லவும் இல்லை. மூன்றாவது மாதம் அவளைச் சிங்கப்பூர் அழைத்து வந்துவிட்டேன். வந்த முதல் வாரம் அவள் வாடகை வீட்டுச் சமையலறையில் ஏதோ முணுமுணுத்தபோது, சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி புகார் கொடுத்துவிடுவாள் என்று நான் சொன்னதாக அவள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். அப்போதெல்லாம் நான் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தையல் மெஷின் ஓடும்போது அவள் பாடுவாள் என்பதே எனக்குக் கடைக்காரம்மா சொல்லித்தான் தெரியும். ஒருமுறை அவளைக் கூப்பிடப் போனபோது, "ஒங்க வைஃப் வரலைன்னா கடையே டல்லா இருக்கு லா. பாட்டு இல்ல" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

3

விழாவுக்கு டிக்கெட் வாங்கியது தாரணி. அம்மாவின் பிறந்தநாள் பரிசு. நான் அதில் கூடுதல் சுமை.

நுழைவாயிலில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. உள்ளே வருகிறவர்கள் படம் பிடிக்கப்படுவார்கள், வந்தாலே சம்மதம் என்று அர்த்தம் என்பதை இருபது வரியில் எழுதியிருந்தார்கள். வரிசையில் நின்றபடி நான் அதை முழுக்கப் படித்தேன். பின்னால் இருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"பா, ப்ளீஸ் லா. யாரும் அதைப் படிக்க மாட்டாங்க" என்று தாரணி பல்லைக் கடித்தாள். அவள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காகித வளையத்தைக் கையில் கட்டிக்கொண்டு நண்பர்களோடு மறைந்துவிட்டாள். வீட்டில் அவள் பேசும் தமிழ் இப்படித்தான், பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு லா. பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் வானொலிச் செய்தி மாதிரி ஒரு தமிழ் வைத்திருந்தாள். தேர்வு முடிந்ததும் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

நேரில் பார்த்த விழாவைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் ஒரு நெட்டை ஆள், தோளில் பிள்ளையோடு. அந்தப் பிள்ளையின் செருப்பைத்தான் நான் முதல் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஆறாவது பாட்டோ ஏழாவது பாட்டோ ஓடும்போது திடலின் ஓரத்தில் சைரன் ஊதியது.

இந்த ஊரில் மின்னலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மழை பெய்தால் யாரும் எதையும் நிறுத்தமாட்டார்கள். மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் நீச்சல்குளம், பந்து விளையாட்டு, கட்டுமான வேலை எல்லாம் அந்த நிமிடமே நிற்கும். மேடையில் விளக்கு அணைந்தது. எல்லோரும் உடனே கூரைக்குக் கீழே போகும்படி ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தார்கள். பல ஆயிரம் பேர் ஒரு கூச்சல் இல்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக வெளியேறினோம். நம் ஊராக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கும். அதற்காகத்தான் இங்கேயே இருக்கிறேனோ என்றுகூட நினைப்பதுண்டு.

நாங்கள் ஒதுங்கியது எதிரே இருந்த ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில். இங்கே அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வீடு கட்டுவதில்லை. தூண்களும் கல் மேசைகளும் மட்டும் இருக்கும். கல்யாணமும் அங்கேதான், துக்கமும் அங்கேதான். அன்று அந்த இடம் முழுக்க ஈரமான தமிழர்கள். தாரணியும் அவள் கூட்டமும் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு புளோக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற நான்கு பெண்கள் எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுதுபோகாமல் ஒரு பழைய படப்பாட்டை ஆரம்பித்தார்கள். பல்லவி நன்றாக வந்தது. சரணத்தில் வரிகள் மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோமதி ஒரு கல் முக்காலியில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தாமலேயே அந்தச் சரணத்தை எடுத்தாள்.

அவள் முடித்ததும் கைதட்டினார்கள். "ஆன்டி, இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அந்தப் பெண்கள் விடவில்லை. கோமதி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து நின்று ஒரு முழுப் பாட்டுப் பாடினாள்.

நான் ஒரு தூணோரம் நின்றிருந்தேன். அந்தத் தூணில் ஒரு தகரப் பலகை. பந்து விளையாடக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது, கூச்சல் போடக்கூடாது. சற்றுத் தள்ளிச் சீருடையில் இரண்டு பாதுகாவலர்கள் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் நிகழ்ச்சி நடத்துவதற்கு இங்கே என்ன சட்டம் என்று யோசித்தேன். அவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். இவர் என் மனைவி, இப்போதே நிறுத்திவிடுவார். அதை மனசுக்குள் இரண்டு மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் வரவில்லை. அவர்களில் ஒருவர் கடைசியில் கைகூடத் தட்டினார்.

தோளில் கேமரா வைத்திருந்த ஒருவர் பாட்டு முழுவதையும் படம் பிடித்திருந்தார். அவருடன் வந்த இளம்பெண் கையில் ஒரு டேப்லெட்டோடு கோமதியிடம் வந்தாள். நிற்கிற கூட்டத்துக்கு வாசல் பலகை போதுமாம், தனியாக ஒரு பாட்டுப் பாடியவருக்குத் தனிப் படிவம் வேண்டுமாம். அதை ஈமெயிலில் அனுப்புவார்களாம். அதற்குள் மழை விட்டு தாரணி ஓடி வந்திருந்தாள். பாட்டின் கடைசி வரிதான் அவளுக்குக் கிடைத்தது. டேப்லெட்டில் அம்மாவின் பெயரைத் தட்டிவிட்டு, ஈமெயில் என்ற இடத்தில் என் முகவரியைக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லாமே என் முகவரிக்குத்தான் வரும். பள்ளிக்கூடம், மின்சாரம், பல் மருத்துவர், குடிநுழைவு அலுவலகம், எல்லாம்.

"சினிமாவுல வரப்போறீங்க மா!" என்றாள் தாரணி.

"போடி" என்றாள் கோமதி. ஆனால் எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது, இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை.

4

படிவம் பத்தாவது நாள் வந்தது. நான்கு பக்கம். நான் பாடிய ஒலியையும் என் உருவத்தையும் நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும், இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் சாதனங்கள் உட்பட எல்லாவற்றிலும் பயன்படுத்தப் படக்குழுவுக்கு உரிமை அளிக்கிறேன் என்று இருந்தது. கீழே கையெழுத்து, அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகள், தேதி.

இதைப் படித்தால் பலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இங்கே வந்த முதல் நாள், என்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்தில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார்கள். அந்த நிறுவனம் இப்போது இல்லை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாவது மாதம் ஓவர்டைம் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கு, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவித் தேதியை மட்டும் நிரப்பினார்கள். என் ராஜினாமா கடிதம். என் கையெழுத்துத்தான், சந்தேகமே இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் நான்கு மாதம் யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்து மறுபடி வந்தேன்.

அதிலிருந்து, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. படித்துப் புரியாவிட்டாலும் போடுவதில்லை. என் வேலையில் ஒரு நாளைக்கு முப்பது கையெழுத்தாவது போடுகிறேன், ஆனால் அதெல்லாம் கம்பி வடத்தைப் பற்றியும் கதவைப் பற்றியும். அவற்றை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. நாங்கள் இன்னும் இங்கே நிரந்தரவாசிகள்தான், குடிமக்கள் இல்லை. வெளியே போனால் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அனுமதியில்லாமல் ஒரு பொது இடத்தில் பாடினேன் என்று என் மனைவி தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது போல அந்தப் படிவம் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போதும் பாதி தெரியும்.

கோமதியிடம் காட்டவில்லை. காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இரண்டு வாரம் கழித்து நினைவூட்டல் வந்தது. மிக அன்பாக எழுதியிருந்தார்கள், அந்தக் காட்சி படத்தில் இடம்பெற வேண்டும் என்று இயக்குநர் மிகவும் விரும்புகிறார் என்று. நான் பதில் போட்டேன். ஊர் அலுவலகங்களில் கற்ற ஆங்கிலம் எனக்கு இன்னும் போகவில்லை. "வி ஆர் நாட் அக்ரீயபிள். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." நாங்கள் சம்மதிக்கவில்லை, ஆவன செய்யவும் என்று எழுதினேன். நாங்கள் என்று எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை.

மறுநுழைவு அனுமதி அடுத்த மாதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். அவள் தானாக மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கடைக்கு வரும் வாடிக்கைக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். திருச்சியில் வசந்தா தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு மாதமும் சொல்வது முந்தைய மாதத்தைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. பயந்தாங்கொள்ளி என்றால் நான்தான்.

5

படம் நன்றாக எடுத்திருந்தார்கள். திடலில் எனக்குத் தெரியாததெல்லாம் டிவியில் தெரிந்தது. டிரம்ஸ் வாசிப்பவரின் புருவத்தில் வியர்வை, பாடகி பாட்டுக்கு நடுவே வெந்நீர் குடிப்பது, பின்வரிசைக் குழுப்பாடகிகள் தங்களுக்குள் கண்ணால் பேசிக்கொள்வது. செருப்பு எங்கேயும் இல்லை. நேரில் போனதற்கு இதுவே மேல் என்று நான் சொன்னேன்.

ஆறாவது பாட்டு. வானம் கறுத்திருந்தது. கோமதி நிமிர்ந்து உட்கார்ந்து புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

பாடகி, "நனைஞ்சாலும் பரவாயில்லையா?" என்று கேட்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. டிரம்ஸில் ஒரு அடி. அடுத்த அடிக்கு மேடைத் தரை முழுக்க ஈரமாகப் பளபளக்கிறது, பாடகி தலைமுடியைக் கொண்டை போட்டிருக்கிறார், வேறு பாட்டு ஓடுகிறது. சைரன் இல்லை, புளோக் இல்லை. மழைக்கு ஒதுங்கிய நாற்பது நிமிடம் இரண்டு அடிகளுக்கு நடுவே போய்விட்டது.

"கொஞ்சம் பின்னாடி தள்ளு" என்றாள் கோமதி. தாரணி தள்ளினாள். மறுபடி அதே. "இன்னொரு தடவ."

"அக்கா, நீ எப்ப வருவ?" என்றது டேப்லெட்.

"கடைசில போடுவாங்க போல. பேரு ஓடறப்ப."

மீதி ஒன்றரை மணி நேரத்தையும் பார்த்தோம். நான் பார்த்த மிக நீளமான படம் அதுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கோமதி டிவிக்குக் கிட்டே போய் நின்றாள். மின்சாரம், மேடை, உணவு, போக்குவரத்து, நன்றி. ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பெயர்கள் ஓடும் வேகத்துக்கு அவள் உதடு ஓடவில்லை. கடைசிப் பெயர் மேலே போய்த் திரை கறுத்த பிறகும் நின்றாள்.

"சரியா வந்திருக்காது" என்றாள் வசந்தாவைப் பார்த்து. "எத்தன வருஷம் ஆச்சு. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குச்சு. எனக்கே தெரிஞ்சுது."

தபலாக்காரர் அங்கிருந்து, "ஒனக்கு மூச்சு வாங்குச்சா? நடக்கிற கதையாம்மா?" என்றார். வசந்தா அவரைச் சும்மா இருக்கும்படி ஜாடை காட்டியது இங்கே தெரிந்தது.

தாரணி என் பக்கம் திரும்பினாள். "பா, அவங்க ஈமெயில் பண்ணாங்களா இல்லையா? ஃபார்ம் அனுப்புறேன்னு சொன்னாங்கல்ல."

"வரல" என்றேன்.

ஒரு சொல் பொய். திருச்சியில் மூன்று பேரும் இங்கே இரண்டு பேரும் கேட்டார்கள். கோமதி தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்கு இட்லி மாவை எடுத்து வெளியே வைத்தாள். தாரணி மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் ஈமெயிலைத் திறந்து கொடுத்ததே அவள்தான். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு மறந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, ஒரு புளோக்கின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. நான் எழுதிய பதிலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. "நீங்களே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

நான் அங்கேயே நின்று அந்தப் படக்காரர்களுக்கு எழுதினேன். இந்தமுறை கெஞ்சினேன். அந்தக் காட்சியை எங்களுக்கு மட்டுமாவது அனுப்ப முடியுமா, எந்தப் படிவம் வேண்டுமானாலும் தருகிறோம் என்று. புதன்கிழமை பதில் வந்தது. சம்மதம் கிடைக்காத தனிநபர் பதிவுகளை, தகவல் பாதுகாப்பு விதிப்படி, படத்தொகுப்பு முடிந்ததும் அழித்துவிட்டார்களாம். உங்கள் முந்தைய கடிதத்தின்படியே செய்தோம் என்று மரியாதையாக முடித்திருந்தார்கள். அன்று கூட்டத்தில் யாராவது ஃபோனில் எடுத்திருப்பார்களே என்று தாரணி தேடினாள். பதினோரு விநாடி கிடைத்தது. ஒருவருடைய தோள், ஒரு தூண், மழைச் சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு குரல்.

6

வெள்ளிக்கிழமை கோமதி வீட்டுக்குக் கொண்டு வந்த ரவிக்கைகளுக்குச் சாப்பாட்டு மேசையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவம் வந்தது, நினைவூட்டல் வந்தது, நான் எழுதியது, இப்போது எழுதியது, அவர்கள் அழித்தது. அறைக்குள்ளிருந்து தாரணியின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

கோமதி ஊசியை நிறுத்தவில்லை. "அந்த ஃபார்ம்ல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?"

ஃபோனில் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பிரபஞ்சம் முழுக்கவா?" என்றாள்.

"ஆமா."

"அம்புட்டுத் தூரம் கேட்டிருக்குமா?" என்று சிரித்தாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த ரவிக்கையை எடுத்தாள். "சரி, போனது போச்சு. படம் எதுக்கு. நீங்கதான் பக்கத்துலயே நின்னீங்களே. எப்படிப் பாடினேன்?"

காதில் விழுந்திருக்கும், அது நிச்சயம். ஆறடி தூரம்கூட இல்லை. அந்தத் தகரப் பலகையில் எழுதியிருந்தது எனக்கு வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. பாதுகாவலர்களில் ஒருவருடைய சட்டைப் பையில் சிவப்புப் பேனா. நான் தயார் செய்த ஆங்கில வாக்கியம். என்ன பாட்டு என்று தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை.

"கேக்கல கோமதி" என்றேன். "செக்யூரிட்டியப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

இப்போது ஊசி நின்றது.

"நல்லா இருந்துச்சுன்னாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். ரவிக்கைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் தாரணியின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. தாரணி அவளுக்கு ஒரு ஈமெயில் முகவரி திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "பாஸ்வேர்டு யாருக்கும் சொல்லாதீங்க மா" என்பது கேட்டது. இருபத்தொரு வருடத்தில் எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத முதல் முகவரி அது. கேட்டால் சொல்லியிருப்பாள். ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை. சாப்பாட்டைக் காலையிலேயே செய்து வைத்துவிடுகிறாள். முதல் வாரம் ஓவர்டைம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் தாரணியைக் கேட்டேன்.

"ரிஹர்சல் பா. சமூக மன்றத்துல ஒரு குரூப் இருக்கு. அந்த சர்ச் அக்காங்கதான் அம்மாவக் கூப்பிட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

சர்ச் அக்காக்கள் கோமதியைத் தேக்காவில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரவிக்கை தைக்க வந்த ஒரு பெண் படத்தைப் பற்றிக் கேட்டு, பேச்சு வளர்ந்து, கடைசியில் அவர் அன்று புளோக்கில் பாடிய பெண்களில் ஒருத்தியின் அத்தை என்று ஆயிற்றாம். இதையும் தாரணிதான் சொன்னாள்.

நேற்று கோமதியிடமே கேட்டேன். வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க குரூப் எப்ப மேடையேறுது?"

"அடுத்த மாசம். சின்ன ஹால்தான்."

"நான் வரலாமா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கடையில் அளவு சொல்வது போலத்தான் சொன்னாள்.

"ஃபார்ம் குடுத்தாங்க. குடும்பத்துல எத்தன பேர் வர்றாங்கன்னு கேட்டிருந்துச்சு. ஒண்ணுன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

லிஃப்ட் வந்தது, அவள் போய்விட்டாள். அந்த ஒன்று நானா தாரணியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.